கோட்டை மொழி பேசும் ஙாலோப் மக்கள்

(காட்சி: உயிர்மெய் அட்டவணையில் ‘ஙா’ மட்டும் பெரிதாகிறது)

‘ஙா’ என்ற எழுத்தைச் சிறுவயதில் சிலேட்டில் எழுதிப் பழகியிருப்பீர்கள். அதன்பிறகு அதற்கு வேலையே வந்திருக்காது. இன்று வருகிறது: ஙாலோப். பாரோ, திம்பு, புனாக்கா, ஹா என மேற்குப் பூட்டானின் பள்ளத்தாக்குகளில் வாழும் மக்கள். முன்னோர் திபெத்திலிருந்து மலை கடந்து வந்தவர்கள்.

(காட்சி: இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் புனாக்கா கோட்டை)

இவர்கள் மொழி ஜோங்கா. ‘ஜோங்’ என்றால் கோட்டை. ‘கா’ என்றால் மொழி. எழுதுவது திபெத்திய எழுத்தில். மொழிக்கே கோட்டையின் பெயர் வந்தது ஏன்?

1616இல் திபெத்தில் வாரிசுச் சண்டையில் சிக்கிய துருக்பா காக்யூ என்ற பௌத்தப் பிரிவின் துறவி ஙவாங் நம்க்யால் இங்கே வந்தார். அவர் பெயரிலும் ‘ங’ இருக்கிறது, பாருங்கள்! பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கோட்டை எழுப்பி நாட்டை ஒன்றாக்கினார். ஒரே மதிலுக்குள் ஒரு பக்கம் அலுவலகம், மறுபக்கம் மடாலயம். அங்கே புழங்கிய பேச்சுதான் கோட்டை மொழி. 1651இல் அவர் இறந்ததை அரை நூற்றாண்டுக்கும் மேல் மறைத்து, தியானத்தில் இருப்பதாகவே சொல்லிவந்தார்கள்.

வணக்கம் சொல்ல ‘குசு சாங்போ லா’. கடைசியில் வரும் அந்த ‘லா’தான் மரியாதை.

(காட்சி: தகரக் கூரையில் காயும் சிவப்பு மிளகாய்)

சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. ‘ஏமா தட்ஷி’: ஏமா மிளகாய், தட்ஷி பாலாடைக்கட்டி. மிளகாய் இங்கே தாளிக்கும் பொருள் இல்லை, காய்கறியே அதுதான். கூடவே செந்நிற அரிசிச் சோறு.

(காட்சி: விடியலுக்கு முந்தைய இருட்டு, பாரோ)

பாரோ திருவிழாவின் கடைசி நாள். துணி ஒட்டுவேலையால் ஆன மாபெரும் திரை மெல்ல விரிகிறது. ‘தோங்டிரெல்’. பார்த்தாலே விடுதலை என்பது நம்பிக்கை. வெயில் அதன்மேல் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள்.

இதே பண்பாட்டுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1989இல் ஙாலோப் உடையும் நடைமுறையும் நாடு முழுமைக்கும் கட்டாயமாயின. தெற்கே நேபாளி பேசுவோரின் பள்ளிகளில் அவர்கள் மொழி நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் நேபாளத்து அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விழாவின் அழகைக் காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

(காட்சி: கோட்டை வாசல்)

இன்றும் கோட்டைக்குள் போகும் பூட்டானிய ஆண், முழங்கால்வரை வரும் ‘கோ’ உடையின்மேல் நீண்ட மேல்துண்டு போட்டிருக்க வேண்டும். அரசருக்குக் காவி, சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை. துண்டின் நிறத்தைப் பார்த்தே வருவது யார் என்று வாசல் காவலருக்குத் தெரிந்துவிடும்.