ஸ்க்ரோல் ஏன் தவறான இடத்தில் போய் நிற்கிறது?

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது ஆண்ட்ராய்டுக்காக நான் எழுதிய ஒரு விண்ணப்பப் படிவம். ‘உறுப்பினரைச் சேர்’ என்ற பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒருவருக்கான அட்டை கோட்லின் மொழி நிரல் வழியாகவே உருவாகி, மேலும் கீழும் நகரும் பகுதியான ஸ்க்ரோல்வியூவுக்குள், உறுப்புகளை வரிசையாக அடுக்கும் லீனியர்லேஅவுட்டின் கடைசியில் சேர்கிறது. அந்த அட்டைக்குள் முகவரிப் பகுதி, அதற்குள் பின்கோடு பெட்டி என்று அடுக்கடுக்காகப் போகிறது. மூன்றாவது உறுப்பினரின் பின்கோடைக் காலியாக விட்டுவிட்டு ‘சமர்ப்பி’யை அழுத்துகிறேன், பாருங்கள். காலியான பெட்டிக்குப் போக வேண்டிய படிவம் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது.

சொன்ன இடத்துக்கு நகர்த்தும் ஸ்மூத்ஸ்க்ரோல்டூவுக்கு நான் கொடுத்தது, அந்தப் பெட்டியின் மேல் விளிம்பு எங்கே என்று சொல்லும் கெட்டாப் மதிப்பு. ஆண்ட்ராய்டின் பதிவேடான லாக்கேட்டில் அது 36 என்று தெரிகிறது. கெட்டாப் என்பது ஸ்க்ரோல்வியூவிலிருந்து அளக்கப்படுவதன்று. பெட்டியை நேரடியாகத் தாங்கும் பெற்றோரிலிருந்து மட்டுமே அளக்கப்படுவது. பெட்டி முகவரிப் பகுதிக்குள் 36 பிக்சலிலும், அந்தப் பகுதி அட்டைக்குள் 420-லும், அட்டை லீனியர்லேஅவுட்டுக்குள் 1,840-லும் இருப்பதால், நாம் போக வேண்டிய இடம் 2,296. ஊரையும் தெருவையும் விட்டுவிட்டு வீட்டு எண்ணை மட்டும் சொல்லி அனுப்பியதைப் போலத்தான் இது.

பெற்றோர் ஒவ்வொன்றாக மேலேறிக் கூட்டும் ஒரு லூப்பை முதலில் நானே எழுதி வைத்திருந்தேன். அது சரியாகவே வேலை செய்தது என்றாலும், மற்ற உறுப்புகளைத் தாங்கும் வியூகுரூப்பிலேயே அதற்கென ஒரு செயற்கூறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பெயர் ஆஃப்செட் டிசென்டன்ட் ரெக்ட் டூ மை கோர்ட்ஸ். பெயரை ஒரே மூச்சில் சொல்வதற்குள் வேலையே முடிந்துவிடும். பெட்டியின் எல்லைச் செவ்வகத்தைக் கெட்டிராயிங்ரெக்ட் வழியாக வாங்கி, ஸ்க்ரோல்வியூவின் இந்தச் செயற்கூறுக்குக் கொடுத்தால், எத்தனை அடுக்கு இருந்தாலும் சரியான இடம் கிடைக்கும். பெட்டி அந்த ஸ்க்ரோல்வியூவுக்குள் இல்லையென்றால் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷன் என்ற பிழையை வீசும். பேசாமல் தவறான எண்ணைத் தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

புதிய அட்டையைச் சேர்த்த கையோடு அதற்கே ஸ்க்ரோல் செய்யும்போது சிக்கல் வேறு. ஆட்வியூ அட்டையை இணைத்து, லேஅவுட் வேண்டும் என்று கேட்டு வைக்கிறதே தவிர, அளவெடுப்பதும் இடம் ஒதுக்குவதும் திரை அடுத்து வரையப்படும் ஃபிரேமில்தான் நடக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட். அதுவரை புதிய அட்டையின் டாப்பும் உயரமும் 0 தான். இதற்காக, வேலையைத் தள்ளிப்போடும் போஸ்ட்டிலேய்டில் 300 மில்லிசெகண்ட் போட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேகமான போனில் அது வீண் காத்திருப்பு, மெதுவான போனில் அதுவும் போதாமல் போகலாம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கோர் கேடிஎக்ஸ் நூலகத்தில் இருக்கும் டூஆன்லேஅவுட், லேஅவுட் முடிந்திருந்தால் உடனே ஓடும், முடியவில்லை என்றால் முடியும்வரை காத்திருக்கும். மேலே உள்ள அட்டைகளில் படங்கள் நெட்டிலிருந்து தாமதமாக வந்து உயரம் மாறினால் இந்தக் கணக்கும் பிசகும். ஆகவே படத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

அட்டை சுருக்கி வைக்கப்பட்டு, உட்பகுதி கான் நிலையில், அதாவது இடமே எடுக்காமல் மறைந்து, இருந்தால், அதை முதலில் விசிபிள் ஆக்கிவிட்டுத்தான் லேஅவுட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

பெட்டியில் கர்சரை வைக்கும் ரெக்வெஸ்ட்ஃபோகஸ் கொடுத்தாலே ஸ்க்ரோல்வியூ தானாக நகராதா என்று கேட்கலாம். நகரும், ஆனால் பெட்டி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டுமே நகர்வதால், பெட்டிக்கு மேலுள்ள ‘பின்கோடு’ என்ற தலைப்பு மறைந்துபோக வாய்ப்புண்டு. அதனால் முதலில் ஃபோகஸ் கொடுத்து, பிறகு கிடைத்த எண்ணிலிருந்து 24 டிபி (திரை அடர்த்தியைச் சாராத அளவு) கழித்து ஸ்க்ரோல் செய்கிறேன். டிபியைப் பிக்சலாக மாற்ற மறந்துவிடாதீர்கள், இந்த போனில் அது 72 பிக்சல். மறுபடியும் ‘சமர்ப்பி’யை அழுத்துகிறேன். 2,224-இல் நிற்கிறது, தலைப்பு, பெட்டி, அதன் கீழே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி, மூன்றும் தெரிகின்றன.