இளங்கன்றுகளின் சீசன்
(கல்லூரி விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

மாண்பமை முதல்வர் அவர்களே, மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, கனத்த மாலையைத் தாமே சுமந்து வந்து எனக்கு அணிவித்த உடற்கல்வி இயக்குநர் அவர்களே, பந்தலில் வெயில் பக்கமாகவே உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

இழப்பு, பயிற்சி, நிதி என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் என்று ஓர் ஊர். அங்கே மார்ஷல் பல்கலைக்கழகம். அவர்கள் ஆடுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 1970 நவம்பர் 14 அன்று வெளியூரில் 17-14 என்று தோற்றுத் திரும்பியது அணி. ஓடுபாதையைத் தொடுமுன்னே விமானம் விழுந்தது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மறு ஆண்டு ஜாக் லெங்கியல் என்ற புதுப் பயிற்சியாளர் வந்தார். ஆட ஆள் வேண்டுமே! முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. மார்ஷலுக்கு விலக்கு தந்தார்கள். 'இடிமுழக்க மந்தை' என்ற பட்டப்பெயருக்கு முன்னால் 'இளம்' சேர்ந்தது. இளங்கன்று பயமறியாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்!

முதல் ஆட்டம் 29-6, தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25, சொந்த மைதானத்தில், சேவியர் அணியோடு. கேளுங்கள், எதிரணி 13, நம்மவர் 9. 'நம்மவர்' என்றே வாயில் வருகிறது, பாருங்கள்! ஆட்டத்தின் கடைசி முயற்சி. தாண்டினால் புள்ளி தரும் கோட்டுக்கு இன்னும் 13 கெஜம். பந்தை வீசும் பொறுப்பில் இருந்த நம்மவர் ரெஜி ஆலிவர் ஒரு பக்கமாக ஓடுகிறார். எதிரணி மொத்தமும் அவர் பின்னால் பாய்கிறது. திடீரென்று மறுபக்கம் வீசுகிறார் பந்தை! பிடித்தவர் டெர்ரி கார்ட்னர், முதலாண்டுப் பையன். கோட்டைத் தாண்டுகிறார். கடிகாரத்தில் நேரம் தீர்ந்திருந்தது. 15-13! வெகுநேரம் ஜனம் மைதானத்தை விட்டுப் போகவில்லையாம். இளங்கன்று பயமறியாது!

அந்த சீசனில் பத்தில் இரண்டுதான் வெற்றி. இன்னொன்று பௌலிங் கிரீன் அணியோடு, 12-10.

ஆலிவர் முந்தைய ஆண்டு முதலாண்டு மாணவர். பழைய விதியால்தான் அந்த விமானத்தில் அவர் இல்லை என்று யாராவது மடக்குவீர்கள். சரி, அதை விடுங்கள். 1972இல் அமெரிக்கா முழுவதுமே கால்பந்தில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

நான் படித்த கல்லூரியில் முதலாண்டில் எனக்குக் கிடைத்த வேலை தண்ணீர்க்குடம் தூக்குவது. இறுதியாண்டில் இடம் கிடைத்தபோது முழங்கால் போய்விட்டது. முதலாண்டு மாணவரையும் அணித் தேர்வுக்கு அழைக்கச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். நிதியைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடிக்கிறார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தை முதல்வர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.