கேத வீட்டுக்குப் போகும் மாலை

வணக்கம் நேயர்களே. மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் இருபது வருஷமாக மாலை கட்டுகிறேன். முன்பெல்லாம் கேத வீட்டு, அதாவது துக்க வீட்டு மாலைக்கு ஆள் நேரில் வந்து நிற்பார். இப்போது பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று.

அப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் பூவைப் பற்றிப் பேசுவதே இல்லை. "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்றுதான் கேட்பேன். நம் பக்கம் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். வெளியூர்ப் பிள்ளை வரவேண்டும் என்றால் ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். நியூஜெர்சியில் கோடைக்காலத்து இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. அது எங்களுக்கு நல்ல நேரம்; சம்பங்கியும் ரோஜாவும் புதுசாக இருக்கும். தூங்கி எழுந்து சொல்கிறேன் என்றால் இங்கே சாயங்காலம் ஆகிவிடும், வீட்டில் எல்லாம் முடிந்திருக்கும். முகூர்த்த நாளாக இருந்தால் பூ விலையும் ஏறிக் கிடக்கும், அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அளவு. தூரத்தில் இருக்கிறோமே என்ற மனக்குறையில் ஆளுயர மாலை கேட்பார்கள். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் அதை வைத்தால் முகமே தெரியாது. அடுத்து வருகிற பெண்கள் அதைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுவிட்டுத்தான் முகம் பார்ப்பார்கள். அதனால் வாழைநாரில் கட்டிய, கை கொள்ளும் அளவு சம்பங்கி மாலை போதும் என்பேன். வியாபாரி பேசுகிற பேச்சா இது என்று என் மனைவி கேட்பாள்.

மாலையைவிட முக்கியம், அதைக் கொண்டுபோகிற ஆள். டெலிவரிப் பையன் வாசலில் வைத்துவிட்டுப் போனால் அது யார் மாலை என்று ஒருவருக்கும் தெரியாது. என் நண்பர் வீட்டுக் கேதத்துக்கு ஏதோ இணையக் கடையிலிருந்து பொக்கே வந்தது. பளபளவென்ற தாள் சுற்றி, மேலே தங்க எழுத்தில் 'வாழ்த்துகள்' என்று அட்டை. பந்தலில் இருந்த ஒரு பெரியவர் அதைச் சத்தமில்லாமல் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே ஊரில் ஒரு சித்தப்பா மகனையோ பள்ளிக்கூடத்துச் சிநேகிதனையோ பிடியுங்கள். அவர் கையால் மாலையைப் போட்டு, "இது சார்ஜாவில் இருக்கிற சின்னவன் மாலை" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். துக்க வீட்டில் இருப்பவர்களுக்கே போன் அடித்து முகவரியும் லொக்கேஷனும் கேட்கக் கூடாது. மாலை போட்டதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதும் வேண்டாம். இறந்தது அக்கா தங்கச்சி என்றால் மாலை மட்டும் போதாது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வேண்டும். அந்தச் சேலையை யார் கொண்டுபோவது என்று பங்காளிகளோடு பேசிக்கொள்ளுங்கள்.

எல்லா வீட்டுக்கும் மாலை சரிவராது. இஸ்லாமியர் வீட்டில் இறந்தவர் உடலுக்கு மாலை போடும் வழக்கம் இல்லை, அடக்கமும் சீக்கிரம் நடந்துவிடும். அங்கே ஒரு போன் போதும். கிறிஸ்தவர் வீடு என்றால் மலர் வளையம். சர்ச்சுக்கு எத்தனை மணி, கல்லறைக்கு எத்தனை மணி என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நேரம் தவறிவிட்டால் கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் இருக்கிறது. இந்து வீடுகளில் பதினாறாம் நாள் படத்துக்கு மாலை அனுப்பலாம். அன்றைய சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கு ஏற்றுக்கொண்டாலும் குறைவில்லை.

போன வருஷம் மஸ்கட்டிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். அம்மா போய்விட்டார், லீவு கிடைக்கவில்லை, ஊரில் கேட்க ஆள் இல்லை என்றான். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மேலூர்ப் பக்கம் நானே கொண்டுபோனேன். மாலையைப் போட்டுவிட்டு அவன் பெயரைச் சொன்னேன். அவனுடைய அக்கா என்னை யாரென்றுகூடக் கேட்கவில்லை. மாலையை ஒருதரம் கையில் எடுத்து, அம்மாவின் முகம் தெரியும்படி நகர்த்தி வைத்துவிட்டு, "சாப்பிட்டானா அவன்?" என்றாள்.