வொர்க்ஹவுஸில் இறந்தவரைத் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பலரும் திகைத்து நிற்கிற ஓர் இடம் உண்டு. கொள்ளுப்பாட்டியின் இறப்புச் சான்றிதழை வரவழைத்துப் பிரித்தால், இறந்த இடம் என்ற கட்டத்தில் வொர்க்ஹவுஸ் என்று எழுதியிருக்கும். வழியற்றவர்களைத் தங்கவைத்து, வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட விடுதி அது. என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய பாட்டியின் பாட்டி 1890-களில் லண்டனில் இறந்தவர், அவர் சான்றிதழிலும் அதேதான். அதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு முகமே வாடிவிட்டது. பெற்ற பிள்ளைகள் கிழவியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஒரே காகிதத்தை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

1834-இல் வந்த ஏழைகள் சட்டம் ஊர்களை யூனியன் யூனியனாகச் சேர்த்து, யூனியனுக்கு ஒரு வொர்க்ஹவுஸ் என்று வைத்தது. கதியே இல்லாதவன்தான் உள்ளே வர வேண்டும் என்பதற்காகவே அதைக் கடுமையாக நடத்தினார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம், எல்லோருக்கும் ஒரே சீருடை. ஆண்டோவர் என்ற ஊரில், உரத்துக்காக எலும்பு இடிக்க விட்டிருந்த ஆட்கள் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைச் சப்பித் தின்றது 1845-இல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. அந்தப் பயம் தலைமுறைகளைத் தாண்டியும் போகவில்லை.

ஆனால் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை வேறு. உள்ளே இருந்தவர்களில் நோயாளிகளும் முதியவர்களும் ஏராளம். நன்கொடையில் நடந்த பெரிய மருத்துவமனைகள் தீராத நோய்க்காரர்களையும் தொற்று நோய்க்காரர்களையும் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது. ஏழைக்குக் கிடைத்த படுக்கை வொர்க்ஹவுஸ் மருத்துவப் பகுதியில்தான் இருந்தது. முதியோர் பென்ஷனோ 1909 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, அதுவும் 70 வயதானவருக்கு, வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். ஆக, சொந்தமாக வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கூட மூச்சுத்திணறல் முற்றி, கடைசிச் சில நாட்களுக்கு மட்டும் அங்கே போய்ச் சேர்ந்து இறந்திருக்கலாம். சான்றிதழ் இதையெல்லாம் சொல்லாது.

சரி, எங்கே தேடுவது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு இறப்புகளை அரசு பதிவது 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் கணக்குத் தொடங்கி இலவசமாகத் தேடலாம். இறந்தவர் வயதும் பதிவு மாவட்டமும் கிடைக்கும். அந்த மாவட்ட எல்லைகளைப் பெரும்பாலும் யூனியன் எல்லைகளை ஒட்டியே வகுத்திருந்தார்கள், அதனால் எந்த யூனியன் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். சான்றிதழ் வந்ததும், தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். விடுதி அதிகாரி கையெழுத்திட்டிருந்தால் வயதையும் தொழிலையும் அப்படியே நம்பாதீர்கள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னொன்று, 1904 முதல் பிறப்புப் பதிவுகளில் வொர்க்ஹவுஸ் என்று போடாமல் கதவு எண்ணும் தெருப் பெயரும் மட்டும் எழுதும் வழக்கம் வந்தது, பிறகு இறப்புகளுக்கும் வந்தது. எனவே 20-ஆம் நூற்றாண்டுச் சான்றிதழில் சாதாரண முகவரி இருந்தாலும், அந்த முகவரியில் என்ன கட்டடம் இருந்தது என்று பழைய வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

உண்மையான விஷயம் யூனியன் பதிவேடுகளில்தான் இருக்கிறது. லண்டன் என்றால் லண்டன் ஆவணக் காப்பகம், மற்ற இடங்களுக்கு அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகம். சேர்க்கை, வெளியேற்றப் பதிவேட்டில் ஒருவர் என்றைக்கு வந்தார், யார் உத்தரவில் வந்தார், எப்படி வெளியே போனார் என்று இருக்கும். மதப் பதிவேடு என்று ஒன்று 1860-களின் கடைசியில் வந்தது. அதில் சிலருக்கு நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும்கூட இருக்கும். எங்களுக்கு வழி திறந்தது அதில்தான். மகளின் பெயரும் முகவரியும் இருந்தன, பக்கத்துத் தெருதான். அந்த முகவரியை 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினோம். ஐந்துக்குக் குறைவான அறைகள் உள்ள வீடுகளில் எத்தனை அறை என்று அந்த ஆண்டு எழுதி வாங்கினார்கள். மகளுக்கு இரண்டே அறை, அதில் கணவனும் ஆறு பிள்ளைகளும். இருமிக்கொண்டிருந்த தாயை அவள் எங்கே படுக்கவைப்பாள், சொல்லுங்கள்?

வொர்க்ஹவுஸின் இறப்புப் பதிவேட்டையும் விடாதீர்கள், எங்கே புதைத்தார்கள் என்பதற்கு அதில் தனிக் கட்டமே உண்டு. எங்கள் பாட்டியின் உடலை உறவினர்களே எடுத்துப்போனதாகக் குறிப்பு இருந்தது. அது சின்ன விஷயம் இல்லை. கேட்டு யாரும் வராத உடலை உடற்கூறியல் பள்ளிக்குக் கொடுக்க 1832-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஏழைகள் மிகவும் பயந்தது அதற்கும் யூனியன் செலவில் பொதுக் குழியில் போவதற்கும்தான். வாரா வாரம் பென்னி பென்னியாக இறுதிச் சடங்குக் காப்பீடு கட்டிய குடும்பங்கள் கணக்கில்லை. அம்மாவைக் கைவிட்டவர்கள் உடலுக்காக வந்து நிற்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

பதிவேடு அழிந்துபோயிருந்தால் யூனியன் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் பாருங்கள். லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.ஹெச். 12 என்ற வரிசையில், 1834 முதல் 1900 வரை யூனியன்கள் மேலிடத்தோடு நடத்திய கடிதப் போக்குவரத்து இருக்கிறது. திடீர் மரணம் என்றால் விசாரணைச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருக்கலாம். ஸ்காட்லாந்து என்றால் கொஞ்சம் சுலபம், அங்கே 1855 முதல் இறப்புப் பதிவில் தாய் தந்தை பெயரும் எழுதச் சொன்னார்கள். அயர்லாந்தில் எல்லோருடைய இறப்பையும் பதிவது 1864-இல் ஆரம்பித்தது, பழைய பதிவுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

காப்பகத்துக்கு நேரே கிளம்பிவிடாமல், முதலில் அவர்களுடைய அட்டவணையைப் பார்த்து, வேண்டிய பதிவேட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுதிக் கேளுங்கள். நோயாளிகள் பற்றிய பதிவேடுகளைப் பல இடங்களில் 100 ஆண்டு வரை மூடிவைத்திருப்பார்கள், சில லண்டன் பதிவேடுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். நன்றி, வணக்கம்.