எழுந்து நின்ற முயல்கள்

நேயர்களுக்கு வணக்கம். டோபமைன் என்றாலே இன்பம் தரும் சுரப்பு என்று இன்று பலரும் சொல்லக் கேட்கிறோம். ஆனால் மூளை ஆய்வில் அந்தப் பொருள் தன் இடத்தைப் பிடித்தது இன்பத்தின் வழியாக அன்று, உடலசைவின் வழியாக. அதைக் கண்டு சொன்னவர் ஸ்வீடன் நாட்டு மருந்தியலாளர் ஆர்விட் கார்ல்சன்.

1950களில் டோபமைனுக்குத் தனி மதிப்பு ஏதும் இருக்கவில்லை. நரம்புகளில் செய்தி கடத்தும் நார்அட்ரினலின் என்ற பொருளை உடல் தயாரிக்கும்போது இடையில் உருவாகி மறையும் ஒரு பொருள் என்றே அதைக் கருதினார்கள். அப்போது மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது ரிசர்பின் என்ற மருந்து. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் ஸ்விட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட அது, ரத்தக் கொதிப்பையும் மனக்கொந்தளிப்பையும் தணித்தது. அளவு கூடினால் விலங்குகளை அசையவிடாமல் முடக்கியும் போட்டது.

1957இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கார்ல்சனும் அவருடைய குழுவினரும் அவ்வாறு முடங்கிக் கிடந்த முயல்களுக்கு டோபா என்ற பொருளை ஊசி வழியே செலுத்தினார்கள். கால்மணி நேரத்திற்குள் அவை எழுந்து நடமாடத் தொடங்கின. இதைவிட முக்கியமானது பின்னர் மூளையை அளந்து பார்த்தபோது தெரிந்தது: ரிசர்பினால் வற்றிப்போயிருந்த இரண்டில் நார்அட்ரினலின் மீண்டிருக்கவில்லை, மீண்டிருந்தது டோபமைன்தான். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேரே நுழைய டோபமைனால் இயலாது. டோபா நுழைந்து, உள்ளே டோபமைனாக மாறுகிறது. இந்த டோபாவை நம் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் பிரித்தெடுத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

மூளையின் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்களில் டோபமைனும் ஒன்று என்ற கார்ல்சனின் முடிவை 1960இல் லண்டனில் கூடிய அறிஞர்கள் எளிதில் ஏற்கவில்லை. அதே ஆண்டில் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்ற மருந்தியலாளர், கைகால் நடுங்கி உடலசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் அசைவை ஆளும் பகுதியில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். மறு ஆண்டே நோயாளிகளுக்கு டோபா தரப்பட்டது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஹோர்னிகீவிச்சை விட்டுவிட்டது முறையன்று என்று அறிவியலாளர் பலர் எழுதினார்கள்; என் கருத்தும் அதுவே.

கார்ல்சனின் பணியில் என்னை மிகவும் ஈர்ப்பது 1963ஆம் ஆண்டு ஆய்வு. மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் ஆகிய மருந்துகளும் ரிசர்பினைப் போலவே அசைவை மந்தமாக்கின. ஆனால் மூளையின் டோபமைன் இருப்பு குறையவில்லை. மாறாக, வெளிப்பட்ட டோபமைன் சிதைவதால் உண்டாகும் பொருள் கூடியிருந்தது. அதிலிருந்து அவர் ஊகித்தது இது: செய்தியைப் பெறும் செல்லில் டோபமைன் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளை மருந்து அடைத்துவிடுகிறது, செய்தி போய்ச் சேராததை உணரும் அனுப்பும் செல், இன்னும் அதிகமாக டோபமைனை வெளியிடுகிறது. செவி மந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுவது போல. டோபமைனை வெளியிடும் செல் தன்மீதும் ஏற்பிகளைக் கொண்டிருக்கிறது என்பதும், வெளியே டோபமைன் மிகும்போது அவற்றின் வழியாகத் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதும் பின்னர் தெளிவாயின.

இந்தத் தற்கட்டுப்பாடு டோபா மாத்திரைக்குக் கிடையாது. பார்க்கின்சன் நோயின் தொடக்க ஆண்டுகளில் அழியாமல் எஞ்சியிருக்கும் டோபமைன் செல்கள், விழுங்கிய டோபாவை டோபமைனாக்கிச் சேமித்து, வேண்டியபோது வேண்டிய அளவில் வெளிவிடுகின்றன. அவையும் அழிந்துவரும்போது சேமிக்க இடம் இல்லாமல் போகிறது. ரத்தத்தில் மருந்து ஏறும்போது உடல் கட்டுக்கடங்காமல் நெளிகிறது, இறங்கும்போது உறைந்துபோகிறது. அதனால்தான் பல ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவர்களுக்கு மருத்துவர்கள் மருந்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நாளெல்லாம் மணி பார்த்து விழுங்கச் சொல்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.