சளி, இருமலுக்கு வீட்டு மூலிகை: எந்த இலை எந்த வேலையைச் செய்கிறது?

[திரை: இருமல் சிரப் பாட்டில், பின்பக்க லேபிள் நெருக்கமாக]

வீட்டில் இருமல் சிரப் பாட்டில் ஏதாவது கிடந்தால் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ‘ப்ரோம்ஹெக்ஸின்’ அல்லது ‘அம்ப்ராக்ஸால்’ என்று ஒரு பெயர் இருக்கலாம். கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளியே கொண்டுவர டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் இவை. இரண்டுக்கும் மூலம் ஒரே செடிதான். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கும் ஆடாதோடை.

[திரை: ஆடாதோடைச் செடி, வெள்ளைப் பூ]

ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நடுகிற செடி இது. மாவிலை மாதிரி நீளமான இலை, வெள்ளைப் பூ, லேசில் நாக்கை விட்டுப் போகாத கசப்பு. அந்த இலையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு ஜெர்மனியில் செயற்கையாகத் தயாரித்ததுதான் ப்ரோம்ஹெக்ஸின். 1963-ல் விற்பனைக்கு வந்தது. அது உடம்புக்குள் போய் மாற்றம் அடையும்போது உண்டாகிற பொருள் அம்ப்ராக்ஸால். பிற்பாடு அதையே தனி மருந்தாக்கி விட்டார்கள். ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்று நம் ஊரில் சொல்லிவந்ததற்கு வேதியியல் கணக்கும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு தயாராகிவிடும், தெரியும். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இலைக்குள் மருந்து இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், மருந்துக்கு உள்ள எல்லா விதியும் இலைக்கும் வரும். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்று எல்லாமே. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது. அதனால் கர்ப்பிணிகள் ஆடாதோடை பக்கமே போகக்கூடாது. ‘மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்’ என்பவரும், ‘இலை தழையில் என்ன இருக்கப் போகிறது’ என்பவரும் என் கணக்கில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

இந்த வீடியோவில் சளியும் இருமலும் மட்டும். வயிறு, தலைவலி எல்லாம் இன்னொரு நாள்.

[திரை: எழுத்து – “முதலில்: சளி ஏன் வருகிறது?”]

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். பெரும்பாலும் ரைனோவைரஸ். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். இருமல் மட்டும் சில நாள் கூடுதலாக இழுக்கும். இந்த வைரஸைக் கொல்லும் கஷாயமும் இல்லை, மாத்திரையும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்குகிற ஆன்டிபயாடிக், பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸ் சளிக்கு அது துளியும் உதவாது. சொல்லப்போனால், கஷாயம் குடித்துவிட்டு நாலு நாள் பொறுத்திருக்கிறவர் தேவையில்லாத ஒரு ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கிறார். கை வைத்தியத்தின் பெரிய லாபமே அதுதான் என்பது என் கருத்து.

அப்படியானால் மூலிகை எதற்கு? அந்தப் பத்து நாளை ஓட்டுவதற்கு. நெஞ்சில் கட்டியிருக்கிறதா, ராத்திரி வறட்டு இருமலா, மூக்கடைப்பா, உடம்பு வலியா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இலை வேறு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கொரோனா காலம் அதை இன்னும் மோசமாக்கியது.

[திரை: நாட்டு மருந்துக் கடை, அட்டைப்பெட்டிகளில் சரக்கு]

முதலில் நெஞ்சுச் சளி. இதற்கு ஆடாதோடை. இலையைப் பறித்து நாமே கொதிக்க வைத்தால் எவ்வளவு வாசிசின் இறங்கியது என்று தெரியாது. அதைவிட, சித்த மருந்துக் கடையில் ஆடாதோடை மணப்பாகு கிடைக்கும். லேபிளில் அளவு போட்டிருக்கும், அதன்படி எடுத்துக்கொள்ளலாம். மணப்பாகு என்பது சர்க்கரைப் பாகு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கணக்கில் வைக்க வேண்டும். இன்னொன்று, டாக்டர் ஏற்கெனவே ப்ரோம்ஹெக்ஸின் சிரப் கொடுத்திருந்தால் கூடவே ஆடாதோடையும் வேண்டாம். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டு மடங்கு குடித்தால் இரண்டு மடங்கு சீக்கிரம் குணமாகாது, வயிறுதான் புரட்டும்.

தூதுவளையை நான் மருந்தாகவே நினைப்பதில்லை. கத்தரிக்காய்க் குடும்பத்துக் கொடி, ஊதாப் பூ, இலையிலும் முள். முள்ளை ஆய்ந்து நெய்யில் வதக்கித் துவையல் அரைத்தால், சளி பிடித்து நாக்கு செத்துக் கிடக்கிற நாளிலும் இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அதற்கே கும்பிடலாம். கற்பூரவள்ளியும் அந்த ரகம்தான். தடித்த, பூனைமயிர் படர்ந்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை வருகிறதே, அது கார்வாக்ரால், தைமால் என்ற எண்ணெய்ப் பொருள்களின் வாசனை. ஓமத்திலும் தைமால்தான் இருக்கிறது. பெரியவர்கள் இரண்டு இலையை மென்று தின்னலாம், பஜ்ஜியும் போடலாம். பஜ்ஜி போட்டால் இலையைவிட எண்ணெய்தான் அதிகம் உள்ளே போகும் என்பது வேறு விஷயம்.

[திரை: இரவு, படுக்கையில் இருமும் சிறுவன், ஒரு ஸ்பூன் தேன்]

ராத்திரி வறட்டு இருமலுக்கு வருவோம். இங்கே ஜெயிப்பது இலையே இல்லை, தேன். 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் சளியால் ராத்திரி இருமித் தூங்காத பிள்ளைகள். ஒரு பிரிவுக்குப் படுக்கப்போகும் முன் தேன். இன்னொரு பிரிவுக்குத் தேன் சுவையில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற வழக்கமான இருமல் மருந்து. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பெற்றோர்கள் சொன்ன கணக்கில் தேன் குடித்த பிள்ளைகளுக்குத்தான் இருமலும் தூக்கமும் அதிகம் தேறியிருந்தன. தேன் தொண்டையில் ஒரு பூச்சு மாதிரி படிந்து அரிப்பை அடக்குகிறது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தொட்டு வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைத்துகள், பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கிற வழக்கமுள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரக் குச்சியை வாயில் அடக்குவார்கள். இதம் கிடைக்கும். நாள்கணக்கில் தொடர்ந்தால் அதில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு அதிமதுரம் வேண்டாம்.

[திரை: கருப்பட்டி, சுக்கு, மல்லி, ஆவி பறக்கும் டம்ளர்]

உடம்பு வலி, குளிர், அசதி. இதற்குச் சுக்கு காபி. ‘சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை’ என்று பழமொழி சுக்கை எங்கேயோ கொண்டுபோய் வைக்கிறது. ஆனால் அந்த டம்ளரில் பாதி வேலையைச் செய்வது சூடுதான். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருந்தது. அங்கே 2008-ல் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழ பானத்தைச் சூடாகவும் ஆறிப்போனதாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறிய பானம் மூக்கொழுகல், தும்மல், இருமலுக்கு உதவியது. சூடான பானம் அவற்றோடு தொண்டை வலி, குளிர், அசதிக்கும் உடனே இதம் தந்தது. வேடிக்கை என்னவென்றால், கருவி வைத்து அளந்தபோது மூக்கில் காற்றுப் போக்குவரத்து மாறவே இல்லை. ஆள் மட்டும் தேறியதாக உணர்ந்தார். சளிக்கு நாம் கேட்பதும் அந்த இதத்தைத்தானே? இதில் சுக்கின் காரமும் மிளகின் காரமும் சேரும்போது மூக்கில் நீர் இளகி ஓடும், எச்சில் ஊறும். கண்டந்திப்பிலி ரசம் சாப்பிட்டதும் மூக்கைத் துடைக்கிறோமே, அதுதான்.

மஞ்சள் பாலைப் பற்றி ஒரு கணக்கு. மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் அதில் இருக்கிறது, உண்மை. ஆனால் குடலில் அது லேசில் உறிஞ்சப்படுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் செய்த ஆய்வில், மிளகின் பிப்பரினைக் கூடச் சேர்த்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகுத்தூள் போடச் சொல்லும் ஃபார்வர்டுகளுக்கு அடிப்படை இதுதான். அந்த ஆய்வில் கொடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின். மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்குபோலத்தான் குர்குமின். அந்த அளவை எட்ட 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூளைக் கரைக்க வேண்டும். பால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சூடான பால் இதமாக இருக்கிறது என்று குடியுங்கள், அது போதும்.

பிப்பரின் குர்குமினை மட்டும் கூட்டுவதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவற்றையும் ரத்தத்தில் கூட்டக்கூடும். ரசத்து மிளகுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தை ஸ்பூன் கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

[திரை: தரையில் ஆவிப் பாத்திரம், மேலே சிவப்புப் பெருக்கல் குறி]

ஆவி பிடிப்பது. நொச்சி இலை போட்டாலும் சரி, யூகலிப்டஸ் போட்டாலும் சரி, கிடைப்பது கொஞ்ச நேர நிம்மதி. தைலத்தின் வாசனை மூக்கிலுள்ள குளிர் நரம்புகளைத் தூண்டி ‘அடைப்பு விட்டது’ என்று உணர வைக்கிறது. பெரியவர்கள், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசைமேல் வைத்துப் பிடிக்கலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். போர்வைக்குள் குழந்தையை உட்கார வைத்து, வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகிற விபத்து எல்லா ஊரிலும் நடக்கிறது.

நிலவேம்பு பற்றியும் கேட்பீர்கள். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே அதை ஊர் ஊராகக் கொடுத்ததால் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு. நிலவேம்புச் சாறு சளி மருந்தாக ஸ்கேண்டிநேவிய நாடுகளிலும் பல ஆண்டுகளாக விற்கிறது; தொண்டை வலி, இருமலைக் குறைப்பதாகச் சில ஆய்வுகளும் உண்டு. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தருவதாக ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. குடித்ததும் உடம்பு தடித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

[திரை: எழுத்து – “கைக்குழந்தைகள்”]

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதை நிறுத்துங்கள். அதில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-லேயே உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்துவிட்டது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது; கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். யூகலிப்டஸ் தைலம் ஒரு ஸ்பூன் அளவு வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு ஆபத்து. பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளிப்பாட்டிவிட்டுக் காட்டும் சாம்பிராணிப் புகை, சளி பிடித்த நுரையீரலுக்கு இன்னும் எரிச்சல். அதற்காகக் கடைச் சிரப்புக்கு ஓடாதீர்கள். குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. தாய்ப்பால், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு. இவ்வளவு போதும்.

அப்புறம் மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். கஷாயம் போடுகிற நேரமில்லை, கிளம்புங்கள்.

[திரை: ஆரம்ப சுகாதார நிலையம், சளி மாதிரி டப்பா]

பெரியவர்களுக்கு இரண்டு வாரம் என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டியும் இருமினால், சளியில் ரத்தம் தெரிந்தால், சாயங்காலக் காய்ச்சலோடு எடை குறைந்தால், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இலவசம். ஆடாதோடை இந்த இருமலையும் கொஞ்சம் அடக்கிக் காட்டும், அதுதான் சிக்கல். நோய் உள்ளே வளரும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும்.

டாக்டரிடம் போகும்போது, இத்தனை நாள் என்ன குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். சூரணப் பாக்கெட்டை ஃபோனில் படம் எடுத்துக் காட்டினால் போதும். கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததாக இருந்தால், அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோங்கள்.