பல்குச்சிகளும் படகும்: திரையில் ஆட்டிசம்

(திரையில்: தரையில் சிதறிக் கிடக்கும் பல்குச்சிகள்)

வணக்கம். உணவகத்தில் பரிமாறும் பெண்ணின் கையிலிருந்து ஒரு பெட்டி பல்குச்சிகள் தரையில் சிதறுகின்றன. ரேமண்ட் ஒரு கணம் பார்த்துவிட்டு 246 என்கிறார். பெட்டிக்கு 250 என்று அறிந்த தம்பி, கிட்டத்தட்டச் சரிதான் என்று கிளம்பும்போது, பெட்டிக்குள் இன்னும் நான்கு இருப்பதாக அந்தப் பெண் சொல்கிறார். 1988இல் வெளிவந்து, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'ரெயின் மேன்' படத்தின் இந்தக் காட்சிதான், ஆட்டிசம் என்ற சொல்லையே அதுவரை கேட்டிராத பலருக்கு அதன் முதல் உருவமாகப் பதிந்தது. பிறரோடு பேசிப் பழகும் விதமும், ஓசை போன்றவற்றை உணரும் விதமும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலையே ஆட்டிசம்.

அந்தக் கதைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிம் பீக். ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்த அவரால் சட்டைப் பொத்தானைத் தாமாகப் போட்டுக்கொள்ள முடியவில்லை. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை இல்லாமலே பிறந்தவர் அவர். அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, அரியதொரு மரபணுக் குறைபாடாக இருக்கலாம் என்றே பின்னாளில் கருதப்பட்டது. ரேமண்டாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் ஆட்டிச நிலையாளர்களையும் நேரில் கண்டு பழகினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், அந்நிலையில் உள்ளோருள் சிறுபான்மையோரிடம் மட்டுமே காணப்படும் அபூர்வத் திறன், திரையில் அந்நிலைக்கே இலக்கணமாகிவிட்டது. 'உங்கள் பிள்ளைக்கு என்ன தனித்திறமை?' என்று உறவினர் ஆவலோடு கேட்கும்போது, அன்றுதான் முதன்முறையாகத் தானே சோறு எடுத்து உண்ட மகனின் தாய் என்ன பதில் சொல்வார்?

2021இல் வந்த 'மியூசிக்' என்ற படம் வேறு விதமாகத் தவறியது. பேச்சு மிகக் குறைந்த ஆட்டிச நிலைப் பெண்ணாக, அந்நிலை இல்லாத மேடி சீக்லர் நடித்தார். பதற்றத்தில் தவிக்கும் அவளைத் தரையில் அழுத்திப் பிடிப்பதைப் பரிவான செயலாகக் காட்டியதை, அது உயிருக்கே ஆபத்தானது என்று ஆட்டிச நிலையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்களை முன்பே கேட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

(திரையில்: ஏரியில் ஒரு சிறு படகு)

கேட்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் 'லூப்' என்ற 2020ஆம் ஆண்டுக் குறும்படம் இருக்கிறது. பேச்சுமொழி இல்லாத ரெனேயும் ஓயாமல் பேசும் மார்கஸும் ஒரே படகில் அமர்கிறார்கள். ரெனேயின் குரலாக ஒலிப்பவர், அவளைப் போலவே பேச்சுமொழி இல்லாத மேடிசன் பேண்டி. ஓசை தாங்க முடியாமல் ரெனே கரையில் கவிழ்ந்த படகுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும்போது, மார்கஸ் அவளை வெளியே இழுக்கவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான்.